சத்தம் மட்டும் வரும் ரிலே

ஜனவரி 9

கோபக்காரத் தம்பிக்கு,

போனில் என் நம்பரைப் பார்த்தால் எடுக்க மாட்டேன் என்றாய். கடிதத்தை எடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். அக்காவுக்குப் பாசம் பொங்கிவிட்டது என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாதே. எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

போன குளிர்காலத்தில் ஒரு பெட்டி நிறைய கை கிரீம் அனுப்பினாயே, அது தீர்ந்துவிட்டது. ரிலே பாகங்களைத் துடைக்கிற ஸ்பிரிட் பட்டுப் பட்டு, எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் விரல் நுனி பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. இங்கே கடையில் கிடைப்பதைத் தடவினால் பிசுபிசு என்று ஒட்டுகிறது. நீ அனுப்பியதுதான் பட்டு மாதிரி இருந்தது. அணுமின் நிலையத்துக்குள் போய்விட்டு வெளியே வரும்போதெல்லாம் கை கழுவிக் கழுவி நீங்களும் அதைத்தான் போடுகிறீர்கள் என்று சொன்னாய். குருவியைத் தெரியும் அல்லவா, ஒல்லியாக, படபடவென்று பேசுவாளே, என் பக்கத்து நாற்காலி. அவள் சொல்கிறாள்: "நீங்க ரெண்டு பேரும் பேசாட்டி போங்கக்கா, கிரீமாவது வந்துட்டுப் போகட்டும்."

சண்டையைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. நீ அங்கே தனியாக இருந்த வரைக்கும் நான் வாயைத் திறந்தேனா? பெண்டாட்டியையும் பிள்ளையையும் அந்த அணு உலைச் சுவருக்குப் பக்கத்தில் குடிவைக்கப் போகிறேன் என்றபோதுதான் கேட்டேன். அதற்கு நீ சொந்தக்காரர் அத்தனை பேர் நடுவில் என்ன சொன்னாய்? "அங்க மாட்டப்போற புது ரிலே ஒவ்வொண்ணும் உன் கை வழியாத்தான் வருது. நீ சோதிச்சுக் குத்துன முத்திரைய நீயே நம்பலையாக்கா?" நான் பேயறைந்த மாதிரி நின்றேன். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

உன் மகள் பட்டாணி இப்போது என்னவெல்லாம் பேசுகிறாள்? அத்தை என்று ஒருத்தி இருப்பது நினைவிருக்கிறதா?

கிரீமை அனுப்பு. கோபத்தை நீயே வைத்துக்கொள்.

அக்கா


ஜனவரி 17

அக்காவுக்கு,

கிரீம் தனிப் பார்சலில் வருகிறது. போன தடவையைவிடக் கூடுதலாகவே வைத்திருக்கிறேன். அதை வைத்து நான் இறங்கி வந்துவிட்டேன் என்று கணக்குப் போடாதே.

உன் கடிதம் வந்ததில் வீட்டுக்காரிக்குத்தான் குஷி. "அண்ணி என்ன எழுதியிருக்காங்க, படிங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். சண்டைப் பகுதியை விட்டுவிட்டு, நீ அவளை விசாரித்ததாக இரண்டு வரி நானே சேர்த்துப் படித்தேன். உண்மையிலேயே இரண்டு வரி எழுதியிருந்தால் என் வேலை மிச்சமாகியிருக்கும்.

ரிலே ரிலே என்று எழுதியிருக்கிறார்களே, அப்படியென்றால் என்ன என்று கேட்டாள். தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா, உள்ளே ஒரு கம்பிச்சுருள், அதற்குக் கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் ஒரு குட்டிக் கை இறங்கி இரண்டு வெள்ளிப் பொட்டுகள் ஒன்றையொன்று தொடும், அப்போது 'டக்' என்று சத்தம் வரும், பெரிய மின்சாரம் அந்த வழியாகப் போகும் என்று சொன்னேன். பட்டாணி அன்றிலிருந்து எதைத் தொட்டாலும் 'டக்' என்கிறாள். மூக்கைத் தொட்டால் டக், சோற்றைத் தொட்டால் டக்.

இதை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. செவ்வாய்க்கிழமை மாதாந்திர சோதனை. டீசல் இன்ஜினைக் கிளப்ப வேண்டும். பொத்தானை அழுத்தினோம். ரிலே 'டக்' என்றது. இன்ஜின் கிளம்பவில்லை. மறுபடி அழுத்தியதும் கிளம்பிவிட்டது. கூட இருந்தவர்கள் குளிருக்கு மக்கர் பண்ணுகிறது என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தம் சரியாகத்தான் இருந்தது அக்கா. சத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

செப்டம்பரில் பழையவற்றை எல்லாம் கழற்றிவிட்டு மாட்டிய புது ரிலே அது. உன் முத்திரை இருந்தது. சும்மா சொல்லி வைக்கிறேன்.

தம்பி


ஜனவரி 26

தம்பிக்கு,

'சும்மா சொல்லி வைக்கிறேன்' என்று எழுதினாய். உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன்பே உங்கள் ஆட்கள் அனுப்பிய புகார் எங்கள் மேனேஜர் மேசைக்கு வந்துவிட்டது. கூடவே சந்தேகத்துக்கு இடமான ரிலேக்கள் ஒரு பெட்டி.

கூட்டம் போட்டார்கள். பெட்டியில் இருந்தவற்றைத் திறந்து பார்த்ததில் வெள்ளிப் பொட்டில் லேசாக ஏதோ படிந்திருந்தது. மூடிபோடும் முன் சரியாகத் துடைக்கவில்லை என்று முடிவுகட்டினார்கள். யார் துடைத்தது என்று பார்த்தால் குருவி. அவள் எழுந்து, "சார், என் கை சுத்தம் சார், நான் துடைக்காம ஒண்ணையும் மூடினதில்ல" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? பெட்டியில் இருந்தது அவள் மேசைச் சரக்குதான். மறு உத்தரவு வரும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இங்கே எட்டு நாற்காலியில் ஒன்று காலி.

பிறகு குறையைச் சரிசெய்தோம். ஒவ்வொன்றாகத் திறந்து, ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, மெல்லிய தோல் பட்டையால் தேய்த்து, மறுபடி மூடினோம். நான் ஒவ்வொன்றையும் சோதனை மேசையில் பத்துத் தடவை அடித்துப் பார்த்தேன். பத்துத் தடவையும் மின்சாரம் பாய்ந்தது. முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். இன்னும் இரண்டு நாளில் உன் கைக்கு வந்துவிடும். போதுமா?

எனக்கே போதவில்லை, அது வேறு விஷயம். துடைத்த துணியை எடுத்துப் பார்த்தேன். கறை இல்லை. அழுக்கு என்றால் துணியில் ஏறாதா?

கிரீம் வந்தது. உன்னை நிறைய பேர் வாழ்த்துகிறார்கள். மேனேஜருக்குக்கூட ஒரு டியூப் கொடுத்தேன், அவர் கையும் வெடித்துத்தான் இருந்தது. குருவிக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், கொண்டுபோய்க் கொடுக்கத்தான் முகம் இல்லை.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். இது நிஜமாகவே நான் எழுதியது.

அக்கா


பிப்ரவரி 8

அக்கா,

நீங்கள் சரிசெய்து அனுப்பிய ரிலேயை மாட்டினோம். முதல் தடவை நன்றாகக் கிளம்பியது. இரண்டாவது தடவையும். எனக்கு மனசு கேட்காமல் இன்னும் சில தடவை போட்டுப் பார்க்கச் சொன்னேன். கடைசியில் 'டக்' என்றது, அவ்வளவுதான். இன்ஜின் மூச்சுவிடவில்லை.

எங்கே மாட்டியிருக்கிறோம் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். உலையை நிறுத்திவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று வெளியே எல்லோரும் நினைக்கிறார்கள். நிற்காது. அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரம் கொதித்துக்கொண்டே இருக்கிற மாதிரிதான். அதன் மேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் ஓட பம்பு ஓட வேண்டும். பம்புக்கு மின்சாரம் வெளியிலிருந்து வருகிறது. அந்த லைன் போய்விட்டால், டீசல் இன்ஜின் தானாகக் கிளம்பி மின்சாரம் தர வேண்டும். பேட்டரி இருக்கிறது, ஆனால் அது சில மணி நேரத்துக்கு விளக்கையும் கருவிகளையும்தான் தாங்கும், பெரிய பம்பைத் தூக்காது. இன்ஜின் இரண்டு. ஒன்று ஏமாற்றினால் இன்னொன்று. இன்ஜினைக் கிளப்புகிற கை உன் ரிலே.

இரண்டாவது இன்ஜினை அன்றைக்கே ஓட்டிப் பார்த்தோம். ஒரே அழுத்தில் கிளம்பியது. அந்தத் தைரியத்தில்தான் இப்போது ஆலை ஓடுகிறது. முதலாவதுக்கு உங்கள் பெட்டியிலிருந்தே வேறொரு ரிலே மாட்டியிருக்கிறோம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வேறு யாரிடம் சொல்வது? வீட்டில் சுவிட்ச் போட்டால் 'டக்' சத்தத்துக்குப் பிறகு விளக்கு எரிகிறதா என்று நின்று பார்க்கிறேன். எரிந்த பிறகும் நிற்கிறேன். பட்டாணி பின்னாலிருந்து வந்து 'டக்' என்று சொன்னாள், என் உடம்பே தூக்கிப்போட்டது. பிள்ளையிடம் கத்திவிட்டேன். அவள் அழுதாள். வீட்டுக்காரி என்னைப் பார்த்துக்கொண்டே அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கெட்டுப்போன ரிலேயை நானே திறந்து பார்த்தேன். வெள்ளிப் பொட்டின் மேல் வெள்ளையாக மாவு மாதிரி. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. நீங்கள் துடைத்த அதே இடத்தில், மூடிபோட்ட டப்பாவுக்குள், மறுபடி அது எப்படி வந்தது? குருவி உள்ளே உட்கார்ந்திருக்கவில்லையே.

உங்கள் மேசையில் என்ன மாறியது? யோசி அக்கா.

தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

என்ன மாறியது என்று போலீஸ்காரன் மாதிரி கேட்கிறாய். ஒன்றும் மாறவில்லை. அதே கம்பி, அதே வெள்ளி, அதே பிளாஸ்டிக் மூடி, அதே ஸ்பிரிட், பின்னால் அதே சூப்பர்வைசரின் இருமல். அங்கே உங்கள் ஆட்கள் அடிக்கிற அடியில் எந்த ரிலேதான் தாங்கும் என்று முதலில் கோபமாக இரண்டு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீங்கள் திருப்பி அனுப்பிய ரிலேயில் இருந்த அந்த வெள்ளை மாவை எங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். கண்ணாடி என்கிறார் வேதியியல்காரர். கண்ணாடி! தூளாக, பூச்சாக. கண்ணாடி வழியாக மின்சாரம் எப்படிப் போகும்? பொட்டு பொட்டைத் தொடுகிறது, நடுவில் கண்ணாடி. அதனால்தான் சத்தம் வருகிறது, மற்றது வருவதில்லை.

கண்ணாடி எங்கிருந்து வரும் என்று மேசைக்கு அடியில்கூடக் குனிந்து தேடினோம். உடைந்த பல்பு இல்லை, ஜன்னல் விரிசல் இல்லை. "அந்தப் பொண்ணு கை வளையல் உடைஞ்சிருக்கும்" என்கிறார் மேனேஜர். குருவி வளையலே போட மாட்டாள்.

நேற்று அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் உட்காரச் சொல்லவில்லை. "என் கை சுத்தம்னு சொன்னேன்ல. அப்ப நீங்க ஏன்க்கா தலைய குனிஞ்சுக்கிட்டீங்க?" என்றாள். கிரீமை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்கிறேன். விதிப்படி நாங்கள் விரல்களில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். மாட்டுகிறோம். ஆனால் வெள்ளிப் பொட்டு இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வைக்கும்போது கட்டைவிரல் உறையையும் சுட்டுவிரல் உறையையும் கழற்றிவிடுவோம். ஸ்பிரிங் எவ்வளவு வளைகிறது என்பது ரப்பருக்கு மேல் தெரியாது, வெறும் தோலுக்குத்தான் தெரியும். எல்லோரும் அப்படித்தான். சூப்பர்வைசருக்கும் தெரியும், அந்த நேரம் பார்த்து அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அதில் தப்பு இருந்தால் இத்தனை வருஷமும் கண்ணாடி வந்திருக்க வேண்டுமே?

பட்டாணியை இங்கே அனுப்பிவிடு. சண்டைக்காகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

எட்டு மாதம் கழித்து இன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். ஒரு வாக்கியம்தான் சொன்னேன். நீ பாதியிலேயே வைத்துவிட்டாய். மறுபடி செய்தேன், எடுக்கவில்லை. கோபமா பயமா தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் இன்ஜினியரம்மா கெட்டிக்காரி. கண்ணாடி என்று உங்கள் ஆய்வுக்கூடம் எழுதி அனுப்பியதைப் படித்ததும் ரிலேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது உள்ள விழுந்த கண்ணாடி இல்ல, உள்ளயே உண்டான கண்ணாடி. சிலிக்கோன்னு வழுவழுப்பா, தண்ணி ஒட்டாத பொருள் ஒண்ணு எங்கயோ இருக்கு. மூடின டப்பாக்குள்ள அது ஆவியாகும். ஒவ்வொரு தடவையும் பொட்டு தொடும்போது பொறி பறக்குதில்ல, அந்தச் சூட்டுல ஆவி கண்ணாடியாப் படியும். துடைச்சா போகாது, ஏன்னா டப்பா சுவர்லயும் ஒட்டியிருக்கு. பசையா, ஸ்பிரேயா, கையில தடவுற எதாவதா, என்னன்னு கேக்கணும்."

கையில் தடவுகிற எதாவது என்று அவர் சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மரமண்டை. வேலை முடிந்து, கை கழுவி, வழக்கம் போலக் கிரீமைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பட்டாணிக்கு வாய் கழுவிவிடக் குழாயைத் திறந்தேன். என் கையில் விழுந்த தண்ணீர் ஒட்டவில்லை. முத்து முத்தாக உருண்டு ஓடியது. பிள்ளை அதைப் பார்த்துக் கைதட்டினாள். நான் அப்படியே நின்றுவிட்டேன். பிறகு டியூபைத் திருப்பிப் படித்தேன். சிலிக்கோன் என்று போட்டிருந்தது.

பட்டு மாதிரி என்று எழுதினாயே, அந்தப் பட்டுதான்.

என் கை வெடிப்புக்குக் கிடைத்ததை அக்காவும் போடட்டும் என்று நான் அனுப்பினேன். நீ பங்குபோட்டுக் கொடுத்தாய். அது உங்கள் விரலிலிருந்து வெள்ளிப் பொட்டுக்குப் போய், டப்பாவுக்குள் போய், பெட்டியில் ஏறி, என் மகள் தூங்குகிற இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வழியில் ஒருத்தரும் கெட்டது நினைக்கவில்லை.

இது கிரீம் என்றால் ஒரு பெட்டியோடு, ஒரு மேசையோடு போகாது. போன குளிர்காலத்திலிருந்து நீங்கள் மூடிய ஒவ்வொரு ரிலேயிலும் இருக்கிறது. இரண்டு இன்ஜினிலும் உன் முத்திரைதான் அக்கா.

போன புதன்கிழமை மாலை இங்கே பலத்த காற்று. காலனி முழுவதும் விளக்கு ஒரு நொடி மங்கிவிட்டு மறுபடி எரிந்தது. நான் ஓடிப்போய்ப் பட்டாணியைத் தூக்கிக்கொண்டேன்.

காலையில் இன்ஜினியரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். உன் பதிலுக்காகக் காத்திருக்க மாட்டேன், மன்னித்துக்கொள். அனுப்பியது நான் என்றும் சொல்வேன். உன் பெயரும் வெளியே வரும். உன் வேலை போகலாம். தெரிந்துதான் செய்கிறேன்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பி,

போனை வைத்தது கோபத்தில் இல்லை. நீ "கிரீம்" என்றதுமே என் கையில் அது இருந்தது. சாயங்கால டீ இடைவேளை, அப்போதுதான் தடவிக்கொண்டிருந்தேன். போன் வழுக்கி விழுந்தது. மறுபடி நீ கூப்பிட்டபோது அதைத் தொட எனக்குக் கை வரவில்லை.

எழுந்து குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். தண்ணீர் உருண்டது. இன்னும் சோப்புப் போட்டேன். அப்போதும் உருண்டது. பிறகு நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். நீ காலையில் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன், அதை முதலில் தெரிந்துகொள். தம்பி காட்டிக்கொடுத்துத்தான் அக்கா வாயைத் திறந்தாள் என்று யாரும் பேசக்கூடாது.

அவர் முழுவதும் கேட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னார்: "குருவி மட்டும்தான் கிரீம் போட்டான்னு எழுதிக் குடுங்கம்மா. ஒரு மேசைன்னா ஒரு பெட்டியோட முடிஞ்சிடும். எல்லாரும்னு சொன்னா ஒரு வருஷச் சரக்கும் திரும்பி வரும். கதவ இழுத்து மூடிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"சார், அங்க என் தம்பி மக தூங்குது" என்றேன்.

நான் அவர் மேசை இழுப்பறையைக் காட்டி, "உங்க டியூபும் நான் குடுத்ததுதான் சார்" என்றேன். இழுப்பறையைத் திறந்து அதை எடுத்தார். மூடியைத் திறக்காமல் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை உட்காரச் சொல்லிவிட்டு, வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் அவரே போன் போட்டார். மனுஷனை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன்.

வேலை நின்றுவிட்டது. பெண்கள் கூடத்தில் நின்றுகொண்டு அவரவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, "கை ஆறிடுச்சேன்னு சந்தோஷப்பட்டோமே" என்று சொல்லிவிட்டு அழுதாள். குருவி வீட்டுக்கு மறுபடி போனேன். இந்த முறை உட்கார வைத்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, வாசலில் நான் வைத்துவிட்டு வந்த டியூபைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறக்கவே இல்லை. "ரோஷத்துல தொடலக்கா" என்றாள்.

இப்போது எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். இரண்டாவது இன்ஜினில் இருக்கிறதே, அது என்ன ஆயிற்று? போனில் சொல்லாதே. உன் குரலைக் கேட்டால் முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்துவிடும், நான் தாங்க மாட்டேன். எழுது. மெதுவாகப் பிரித்துப் படித்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

மெதுவாகப் பிரித்தாயா? உட்கார்ந்துகொண்டு படி.

நான் சொன்ன அன்றைக்கே ஆலையை நிறுத்தினார்கள். எல்லோரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள், யாரும் இழுத்தடிக்கவில்லை. நிறுத்திய பிறகும் தண்ணீர் ஓட வேண்டும் என்பதால், வெளியிலிருந்து ஒரு இன்ஜினை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் ரிலேக்களைக் கழற்றினோம். கழற்றிய ஒவ்வொன்றையும் மேசையில் வைத்துச் சோதித்தது நான்.

முதல் இன்ஜினுடையது 'டக்' என்றது. மின்சாரம் பாயவில்லை. அதை எதிர்பார்த்துத்தான் இருந்தோம். இரண்டாவது இன்ஜினுடையதை வைத்தேன். 'டக்' என்றது. மீட்டர் முள் அசையவில்லை. மறுபடி வைத்தேன். அசையவில்லை. இன்ஜினியரம்மா என் கையிலிருந்து வாங்கி அவரே வைத்துப் பார்த்தார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அந்தம்மா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார், அன்றைக்கு முதல் இன்ஜின் மக்கர் செய்ததும் இரண்டாவதை ஓட்டிப் பார்த்தோமே, ஒரே அழுத்தில் கிளம்பியதே, அந்தப் பொறியே கடைசிப் பூச்சைப் போட்டிருக்கலாம் என்று. நாங்கள் எதைப் பார்த்துத் தைரியமாக இருந்தோமோ அதுவே அதைச் சாகடித்திருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் எங்களுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை அக்கா. நான் சாப்பிட்டேன், ஷிப்டுக்குப் போனேன், பட்டாணி டக் டக் என்று வீடு முழுக்க ஓடினாள்.

விளக்கு மங்கிய அந்தப் புதன்கிழமை இதற்குள்தான் வருகிறது. மங்கிய விளக்கு மறுபடி எரியாமல் போயிருந்தால் ஓடிப்போய்க் கையால் கிளப்பியிருப்போம் என்கிறார்கள். கிளப்பியிருப்போம்தான். நேரம் இருந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

வீட்டுக்காரி உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்துவிட்டாள். நான் சேர்த்துப் படித்த வரிகள் எதுவும் அதில் இல்லை என்பதையும் கண்டுபிடித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "அந்தப் புதன்கிழமை விளக்கு மங்குனப்ப பிள்ளை கை தட்டினா, ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பையை எடுத்து அடுக்கினாள். "எங்க அம்மா வீட்டுக்கு இல்ல. அண்ணி வீட்டுக்குப் போறேன். அவங்களுக்குத்தான் இது புரியும்" என்றாள்.

சனிக்கிழமை இருவரும் அங்கே வருகிறார்கள். நான் இருக்கிறேன். கழற்றிய இடமெல்லாம் காலியாக இருக்கிறது, யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

பட்டாணி என் தட்டிலிருந்துதான் சாப்பிடுகிறாள், என் செருப்பைத்தான் போட்டுக்கொண்டு நடக்கிறாள். உன் வீட்டுக்காரியும் நானும் இதுவரை ஒரு சண்டைகூடப் போடவில்லை, எனக்கே ஆச்சரியம். விளக்கு மங்கினால் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பிள்ளையைத் தூக்க ஓடுகிறோம்.

தொழிற்சாலையைத் திறந்துவிட்டார்கள். மேசைப் பலகைகளைப் பெயர்த்து எறிந்தார்கள், இருந்த மூடியையெல்லாம் தூக்கிப் போட்டார்கள். கிரீம், தைலம், தலைக்குப் போடுவது, எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது. ஸ்பிரிட்டுக்குப் பதிலாகக் கையைக் கடிக்காத வேறொன்று வந்திருக்கிறது. விரல் உறையும் மாற்றிவிட்டார்கள், மெல்லியது, ஸ்பிரிங் வளைவது தெரிகிறது. இதை முதலிலேயே வாங்கித் தந்திருக்கலாமே என்று கேட்டேன். சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குருவி அவள் நாற்காலிக்கு வந்துவிட்டாள். என்னை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை, பரவாயில்லை, பேசுகிறாள். நானே போய்விடுகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். "அப்ப யாரும்மா பயந்துக்கிட்டு வேலை பாக்குறது?" என்றார்.

உங்களுக்கு அனுப்ப வேண்டிய முதல் பெட்டி தயாரானதும் முத்திரைக் கட்டையை என் முன்னால் வைத்தார்கள். எடுக்க முடியவில்லை. பத்துத் தடவை பொறி பறக்காமல் அடித்துப் பார்த்துவிட்டு இத்தனை வருஷமும் குத்தியிருக்கிறேன். எங்கள் மேசையில் கொடுப்பது குட்டி மின்சாரம், பொறி பறக்காது, அதனால் கண்ணாடி வராது, அதனால் எல்லாமே தேறும். அதை ஒரு சோதனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது நிஜமான பாரத்தை, அங்கே ஓடுகிற அளவு மின்சாரத்தை, மாட்டி, பொறி பறக்கவிட்டு, ஒவ்வொன்றையும் ஆயிரக்கணக்கில் அடிக்கிற மாதிரி மேசையை மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். அது ஓடி முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகும் கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே குத்தினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும்.

அக்கா


ஏப்ரல் 30

அக்கா,

பெட்டி வந்தது. திறந்ததும் முதலில் உன் முத்திரையைத்தான் தேடினேன். எல்லாம் கோணல். இவ்வளவு பயந்துகொண்டு ஒருத்தி குத்தியிருக்கிறாள் என்றால் இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும், நேராக மாட்டிவிடலாம் என்று கை போனது.

இன்ஜின் இரண்டையும் மே கடைசியில் கிளப்புகிறார்கள். அதற்குப் பிறகு ஆலை ஓடும். நான் ஒன்று கேட்கிறேன், போன தடவை மாதிரி கூட்டத்தில் இல்லை, உன்னிடம் மட்டும். வீட்டுக்காரியையும் பட்டாணியையும் மறுபடி இங்கே கூட்டிக்கொண்டு வரட்டுமா?

தம்பி


மே 4

தம்பிக்கு,

கை போனதாம் கை. போன கையை நேரில் வந்து உடைப்பேன்.

அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் பேயறைந்த மாதிரி நின்றேன் அல்லவா, இப்போது பதில் சொல்கிறேன். நம்பவில்லை. நான் குத்திய முத்திரையை நான் நம்பவில்லை, நீயும் நம்பாதே. அக்கா கஷ்டப்பட்டிருக்கிறாள், அழுதிருக்கிறாள், கோணலாகக் குத்தியிருக்கிறாள் என்பதெல்லாம் டப்பாவுக்குள் இருக்கிற வெள்ளிக்குத் தெரியாது. ஒவ்வொன்றையும் எடு. உன் மேசையில் வை. பாரத்தை மாட்டு. பொறி பறக்கவிட்டு அடி. சத்தத்தைக் கேட்காதே, முள்ளைப் பார். ஒன்று அசையாவிட்டாலும் மொத்தப் பெட்டியையும் என் தலையில் கொண்டுவந்து கொட்டு.

எல்லாம் தேறினால் இன்ஜின் கிளப்புகிற தேதியை எனக்கு எழுது. உன் வீட்டுக்காரியிடம் கேட்டேன். "அண்ணி வந்தா நான் வரேன்" என்கிறாள். பட்டாணியை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். அன்றைக்கு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டில்தான் இருப்பேன், இன்ஜின் சத்தம் காதில் விழும் வரை.

அக்கா